அகல உழுதல்

பெட்டியில் இருபதாயிரம் லூமன் என்று போட்டிருக்கிறது.
விலை முப்பத்தொன்பது பிராங்.
சூரியனை இவ்வளவு மலிவாக யார் விற்பார்கள் என்று
திரும்ப வைத்தேன்.
திரும்ப எடுத்தேன்.

மேல்தட்டில் நல்ல பெயருள்ள ஒரு சோடி,
அறுநூற்று நாற்பது.
என் ஜிம்னியின் விலையில் அது கால்வாசி.
வண்டிக்கு வயது இருபத்தொன்று.
மழை நாளில் இடது கதவு திறக்காது,
வலப்பக்கத்தால் ஏறி, கியரைத் தாண்டி உட்காருவேன்.

நான் காடு சுற்றப் போகிறவள் அல்ல.
காலை ஐந்தே காலுக்கு
ட்ரூப் பள்ளத்தாக்குக்கு மேலே
தார் முடிந்து, சரளையும் முடிந்து,
புல்லில் இரண்டு கோடுகளாக மிஞ்சும் பாதையில்
இன்சுலின் பெட்டியோடு ஏறுகிறவள்.
ஏழு வீடுகள். கடைசி வீடு
ஃபாங்க்ஹவுஸர் அம்மாவினது.
போன நவம்பரில் அந்தத் திருப்பத்தில்
ஒரு கன்றை ஒன்றரை மீற்றரில்தான் கண்டேன்.
டிக்கெட் கேட்கும் பரிசோதகரைப் போல
அசையாமல் நின்றது.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல என்பார்கள்.
கண் திறந்தேதான் இருந்தது.
பெரிய லைற்றைப் போட்டால்
மூடுபனியில் என் வெளிச்சமே வெள்ளைச் சுவராகி
என் முகத்துக்கே திரும்பி வந்தது.

மச்சான் மதிவண்ணன் பேர்னிலிருந்து கதைத்தான்:
"கூரையில நீட்டுப் பட்டையாப் பூட்டு,
அரைக் கிலோமீற்றருக்குத் தெரியும்."
அரைக் கிலோமீற்றர் தள்ளி எனக்கென்ன அலுவல்?
அங்கே இருப்பது அடுத்த மலை.
என் பாதை பத்து மீற்றருக்கு ஒருக்கால் திரும்பும்.

அகல உழுவதிலும் ஆழ உழு என்று
பள்ளிக்கூடத்தில் நூறு தரம் எழுத வைத்தார்கள்.
வெளிச்சத்துக்கு அது செல்லாது.
இடப்பக்கக் கான், வலப்பக்க வேலிக்கம்பி,
நடுவே என் நான்கு சில்லு.
அந்த அகலம் போதும் எனக்கு.

முப்பத்தொன்பது பிராங் சூரியனின் கண்ணாடியில்
அந்தச் சின்ன வட்டம் இல்லை,
வட்டத்துக்குள் இருக்கவேண்டிய எழுத்தும் இல்லை.
வண்டிப் பரிசோதனையில் கழற்றச் சொல்வார்கள்.
கழற்றுகிற கூலிக்கு இன்னொரு சோடி வாங்கலாம்.

கடைசியில் லங்னாவுக்கு வெளியே
ஆஷ்லிமானின் பழைய வண்டி முற்றத்தில்
நசுங்கிய ஒரு வேனின் மூக்கில் கண்டேன்:
மஞ்சள் கண்ணாடி, ஹலோஜன், ஐம்பத்தைந்து வாட்,
வட்டமும் இருந்தது.
சோடி இருபத்தைந்து. ரிலே எட்டு.
வயரும் ஃபியூஸும் சும்மா தந்தார்.
"பழசு. கரண்ட் குடிக்கும். சூடாகும்" என்று
குறை சொல்லியே விற்கிற மனிதர்.

பம்பருக்குக் கீழே, முழங்கால் உயரத்தில்
நானே பூட்டினேன்.
முதல் இரவு ஒன்று பாதையையும்
ஒன்று ஆப்பிள் மரத்தையும் பார்த்தன.

டிசம்பர் மூன்றாம் கிழமை வெண்பனி கொட்டியது.
வழியில் மின்சாரக் கம்பனியின் புது வண்டி
ஓரம் கட்டி நின்றது; ஒருவன்
தன் எல்ஈடி விளக்குகளைக் கையுறையால் சுரண்டிக்கொண்டிருந்தான்.
குளிர்ந்த வெளிச்சம் அது.
பனி அதன்மேல் குடியேறிவிட்டது.
என்னுடையதில் விழுந்தது
விழுந்த கையோடு நீராகி வழிந்தது.
ஆஷ்லிமான் சொன்ன குறைதான். சூடு.

திருப்பத்தில் இம்முறை கன்று இல்லை.
கான் தெரிந்தது. வேலிக்கம்பி தெரிந்தது,
அதில் யாரோ மாட்டிவைத்த ஒற்றைக் கையுறை தெரிந்தது.
அதற்கப்பால் ஒன்றும் தெரியவில்லை.
நான் கேட்கவுமில்லை.

ஃபாங்க்ஹவுஸர் அம்மா குசினியில்
விரலை முன்கூட்டியே நீட்டிவைத்திருந்தார்.
"சுவரெல்லாம் மஞ்சளானது,
யாரோ பணக்காரர் வருகிறார் என்று நினைத்தேன்."
ஐந்து புள்ளி நான்கு. நல்ல அளவு.
கோப்பியும் குடித்துவிட்டு வெளியே வந்தால்
லைற்றை அணைக்க மறந்திருக்கிறேன்.

கரண்ட் குடிக்கும் என்றும் சொன்னார்தானே.
சாவியைத் திருப்பினேன். இருமியது.
இன்னொருக்கால் இருமியது.
மூன்றாவதில் பிடித்தது.